பழைய கம்ப்யூட்டரில் புது மானிட்டர்: படம் வராதபோது எங்கே தேட வேண்டும்

வடசென்னையில் பழைய கம்ப்யூட்டர்கள் இன்னும் வேலை பார்க்கின்றன. தம்புச் செட்டித் தெரு பக்கம் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு ஒரு பழைய 386 பிசி ஓடிக்கொண்டிருக்கும். வியாசர்பாடிப் பட்டறையில் மெஷினை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டிக்குள் 80-களின் போர்டு இருக்கும். பெரம்பூரில் யார் வீட்டுப் பரணிலோ பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட பிபிசி மைக்ரோ கிடைக்கும். 1984-இல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்துக்கு எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர் அதுதான். இவற்றில் முதலில் போவது மானிட்டர். டியூப் மங்கும், ஃப்ளைபேக் என்ற உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மர் எரியும், அதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இப்போது அபூர்வம். மானிட்டர் போன ஒரே காரணத்துக்காக நல்ல கம்ப்யூட்டரை எடைக்குப் போடுகிறார்கள். அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

"கேபிள் கரெக்டா மாட்டிக்கீது, படம்தான் வர்லண்ணா" என்று போனில் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பின்பக்க சாக்கெட்டில் எத்தனை ஓட்டை என்றுதான். பிளக் பொருந்துவது வேறு, சிக்னல் பொருந்துவது வேறு. இரண்டுமே இரும்புத் தண்டவாளம்தான், ஆனாலும் மீட்டர் கேஜ் வண்டி பிராட் கேஜில் ஓடாது. இங்கே கேஜ் என்பது கிடைமட்ட அதிர்வெண். வினாடிக்கு எத்தனை கோடு வரைகிறது என்ற கணக்கு; கிலோஹெர்ட்ஸில் சொல்வார்கள். அதோடு ஹெர்ட்ஸில் வருவது, வினாடிக்கு எத்தனை முழுப் படம் என்ற கணக்கு.

பிபிசி மைக்ரோ, ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, அமிகா போன்ற 80-களின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சுமார் 15.6 கிலோஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ்; அதாவது நம்மூர் டிவிக் கணக்கு. பிசிக்களின் வீடியோ கார்டு வகைகளில், ஐபிஎம் 1981-இல் கொண்டுவந்த சிஜிஏ 15.7 கிலோஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ். ஒரே நிறம் காட்டும் எம்டிஏவும் ஹெர்குலிஸும் 18.4 கிலோஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ். 1984-இன் இஜிஏ 21.8-இல் ஓடும், பழைய கேம் போட்டால் 15.7-க்கு இறங்கிவிடும். 1987-இல் வந்த விஜிஏதான் 31.5-க்கு ஏறியது. இன்றைய மானிட்டர்களில் விஜிஏ சாக்கெட் இருந்தாலும், பெரும்பாலானவை 30 அல்லது 31 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் ஏற்காது. ஆக, 15 பின் விஜிஏ உள்ள கம்ப்யூட்டருக்கு நேரடி கேபிளே போதும். அதற்கு முந்தையது எதுவானாலும் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போர்டு வேண்டும்.

இரண்டாவது விஷயம் சிக்னலின் அளவு. விஜிஏவில் நிறம் 0.7 வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும் அனலாக். 9 பின் எம்டிஏ, சிஜிஏ, இஜிஏ மூன்றும் டிடிஎல் டிஜிட்டல். உண்டு அல்லது இல்லை, 5 வோல்ட் குடும்பம். 9 பின்னை 15 பின்னாக மாற்றும் வெறும் அடாப்டரைப் பார்த்து ஏமாந்து அதை நேராக மானிட்டரில் செருகாதீர்கள். அதிர்வெண்ணும் பொருந்தாது, மானிட்டரின் உள்ளீட்டுச் சில்லுக்கும் நல்லதல்ல.

'நோ சிக்னல்': ஒன்றுமே வரவில்லை

முதலில் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நம் லாக் அழுத்தினால் கீபோர்டு விளக்கு மாறுகிறதா? மாறினால் உள்ளே ஓடுகிறது. ஆன் செய்ததும் ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப் வந்தால், பல பிசிக்களில் அது வீடியோ கார்டு பற்றிய புகார். கார்டைக் கழற்றி, தங்கப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி அழுத்தமாகச் செருகுங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருந்த பெட்டி என்றால் இதைக் கேட்காமலே செய்யலாம். உப்புக்காற்று செம்பை விடாது. கேபிள் பிளக்கை டார்ச் அடித்துப் பாருங்கள்: பின்னின் அடிவேரில் பச்சைப் பொடி படிந்திருந்தால் அந்தப் பின் தொடுவது போல இருக்கும், தொடாது. பிபிசி மைக்ரோ என்றால் இன்னும் சுலபம்: தாழ்ந்த குரலில் ஒரு நீளச் சத்தம், பிறகு சின்ன பீப் வந்தால் அது சரியாகத் துவங்கிவிட்டது, சத்தம் நிற்காமல் வந்தால் மானிட்டரை விட்டுவிட்டு உள்ளே தேடுங்கள்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது, படம் மட்டும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் கன்வெர்ட்டரின் திசை. பர்மா பஜாரில் 'விஜிஏ எச்டிஎம்ஐ' என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: விஜிஏ உள்ளே, எச்டிஎம்ஐ வெளியே. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. வாங்கும்போதே அம்புக்குறியைப் பாருங்கள். சரியான திசைக் கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் மின்சாரமும் வேண்டும். பழைய கார்டுகள் விஜிஏ 9-ஆம் பின்னில் 5 வோல்ட் கொடுப்பதில்லை, பழைய பெட்டியில் யுஎஸ்பியும் கிடையாது. நல்ல மொபைல் சார்ஜர் ஒன்றிலிருந்து கொடுங்கள்.

அதே 9-ஆம் பின் இன்னொரு தொல்லையும் தரும். ஆரம்பகால விஜிஏ சாக்கெட்டுகளில் அந்த ஓட்டையை அடைத்தே வைத்திருப்பார்கள். புதுக் கேபிளில் 15 பின்னும் இருப்பதால் உள்ளே போகாது. வலுக்கட்டாயமாகத் தள்ளினால் மற்றப் பின்கள் வளையும். 9-ஆம் பின் இல்லாத கேபிளைத் தேடுங்கள். பழைய மானிட்டரோடு வந்தவற்றில் கிடைக்கும்.

மானிட்டரில் டிவிஐ என்ற சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதன் வகையைப் பாருங்கள். டிவிஐ-டி அனலாக்கை எடுக்கவே எடுக்காது. டிவிஐ-ஐ என்றால் சாதாரண அடாப்டர் போதும்.

ஆப்பிள் மேகின்டாஷ் வேறு மாதிரி. மானிட்டர் பிளக்கில் சில பின்களைப் பார்த்து என்ன மானிட்டர் என்று அது முடிவு செய்யும். ஒன்றும் தெரியாவிட்டால் மானிட்டரே இல்லை என்று எண்ணிப் பல மாடல்கள் வீடியோவையே கொடுக்காது. குட்டி சுவிட்ச் வரிசை உள்ள மேக்-விஜிஏ அடாப்டர்தான் வழி. 640 × 480-க்கு வைத்துத் தொடங்குங்கள்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' அல்லது 'இன்புட் நாட் சப்போர்ட்டட்'

இந்தச் செய்தியைப் பார்த்துப் பலர் மனம் உடைந்து போகிறார்கள். எனக்கு இது நல்ல செய்தி. கம்ப்யூட்டர் ஓடுகிறது, கார்டு வேலை செய்கிறது, கேபிள் சரி, சிக்னல் மானிட்டர் வரை வந்துவிட்டது. கேஜ் மட்டும்தான் வேறு.

விஜிஏ பெட்டியில், டாஸ் வரை படம் வந்து விண்டோஸ் ஏறியதும் இந்தச் செய்தி வந்தால், அந்தக் காலத்து டியூப் மானிட்டருக்காக யாரோ 75 அல்லது 85 ஹெர்ட்ஸ் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விண்டோஸ் 95, 98-இல் எஃப்8 அழுத்திச் சேஃப் மோடில் போய், 640 × 480, 60 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். பைசா செலவில்லை.

விஜிஏவுக்கு முந்தைய பெட்டி என்றால் போர்டு வாங்கியாக வேண்டும். மலிவானது ஜிபிஎஸ்-8200 என்ற பச்சைப் போர்டு. 15 கிலோஹெர்ட்ஸ் அனலாக்கை உள்ளே வாங்கி விஜிஏவாக வெளியே தரும். அமிகாவுக்குப் பொருந்தும். டிடிஎல் சிக்னலை அதில் கொடுப்பதானால் ஒவ்வொரு நிறக் கம்பியிலும் 330 முதல் 470 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போட்டு அளவைக் குறைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஆனால் டிடிஎல் பெட்டிகளுக்கு நான் சொல்வது ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ. ராஸ்பெரி பை ஜீரோவின் மேல் உட்காரும் சின்ன போர்டு அது. பிபிசி மைக்ரோவுக்காகவே பிறந்தது, இப்போது சிஜிஏ, எம்டிஏ, இஜிஏ எல்லாம் எடுக்கிறது. டிஜிட்டலாக வந்த புள்ளியை டிஜிட்டலாகவே எடுத்துக் கொடுப்பதால் எழுத்து கத்தி போல் நிற்கும். காசு கொஞ்சம் கூடுதலானாலும், தினமும் எட்டு மணி நேரம் அந்தத் திரையைப் பார்க்கிற ஒருவருக்கு அது நியாயமான செலவு.

போர்டு போட்ட பிறகும் அதே செய்தி வருகிறதா? அப்போது தடுப்பது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். ஓஎஸ்எஸ்சி போன்ற கருவிகள் கோடுகளை இரட்டிப்பாக்குமே தவிர, வந்த வேகத்தை மாற்றாது. கம்ப்யூட்டர் மானிட்டர்கள் பல 60-க்குக் கீழே எடுக்காது. நம் வீட்டு டிவி 50 ஹெர்ட்ஸ் ஒளிபரப்புக்காகச் செய்தது. அதன் எச்டிஎம்ஐயில் செருகிப் பாருங்கள். ஸ்பெக்ட்ரமும் கமடோரும் மானிட்டரைவிட டிவியில் சுலபமாக எழுந்து வருவது இதனால்தான்.

இஜிஏக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பூட் ஆகும்போது படம் வந்து கேமில் மட்டும் போனால், அல்லது மறுதலையாக நடந்தால், கன்வெர்ட்டர் இரண்டு வேகத்தில் ஒன்றைத்தான் பிடிக்கிறது. கார்டின் பின்னால் உள்ள சுவிட்சில் சிஜிஏ மானிட்டர் என்று வைத்தால் எப்போதும் 15.7-இலேயே நிற்கும்.

படம் உருளுது, சாய்ந்து கிழியுது

நிறம் தெரிகிறது, எழுத்தின் சாயலும் தெரிகிறது, ஆனால் நிற்கவில்லை. இது சிங்க் கோளாறு; கோடும் படமும் எங்கே தொடங்குகின்றன என்று மானிட்டருக்குச் சொல்லும் சிக்னல்தான் சிங்க். மேலிருந்து கீழாக உருண்டால் செங்குத்து சிங்க், கோடுகள் சாய்ந்து பின்னிக்கொண்டால் கிடைமட்ட சிங்க். விஜிஏ பிளக்கில் 13-ஆம் பின் கிடைமட்டம், 14 செங்குத்து. 9 பின்னில் 8-உம் 9-உம். மல்ட்டிமீட்டரை பீப்பில் வைத்து, கேபிளின் இரு முனைக்கும் இந்த இரண்டு பின்களை மட்டும் சோதியுங்கள். சோதிக்கும்போது கேபிளை அங்கங்கே வளைத்துப் பாருங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் கேபிளை மாற்றுங்கள், ஒட்டுப் போடாதீர்கள்.

கேபிள் நன்றாக இருந்தால் சிங்க் எந்த வடிவில் வருகிறது என்று பாருங்கள். பிபிசி மைக்ரோ இரண்டையும் சேர்த்து ஒரே கம்பியில் அனுப்பும். சன் ஒர்க்ஸ்டேஷன்கள் சில அதைப் பச்சை நிறத்தோடு கலந்தே அனுப்பும். பச்சையில் வரும் சிங்க்கைப் பிரிக்கத் தெரியாத மானிட்டரில் படம் நிற்காது, அல்லது முழுத் திரையும் பச்சை பூத்துவிடும். எல்எம்1881 என்ற எட்டுக்கால் ஐசி சிங்க்கைப் பிரித்துக் கொடுக்கும். அதை வைத்து ஒரு சின்ன போர்டு சால்டர் பண்ணிக்கொள்ளலாம்.

படம் நிற்கிறது, ஆனால் இடது வலதாக வெகுதூரம் தள்ளி நிற்கிறது என்றால் கன்வெர்ட்டரின் மெனுவில் நகர்த்தினாலே போதும்.

நிறம் சரியில்லை

வெள்ளை எழுத்தைப் பார்த்து ஆரம்பியுங்கள். வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நீலக் கம்பி இல்லை. ரோஸ் கலந்த ஊதாவாகத் தெரிந்தால் பச்சை இல்லை. வெளிர்நீலப் பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு இல்லை. விஜிஏவில் 1, 2, 3 பின்கள் முறையே சிவப்பு, பச்சை, நீலம். அநேகமாக ஒரு பின் வளைந்து உள்ளே போயிருக்கும். மெல்லிய சாமணத்தால் நிமிர்த்தலாம்.

சிஜிஏவில் 16 நிறத்துக்குப் பதில் 8 மட்டும் வந்தால் 6-ஆம் பின்னைப் பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டுகிற பின் அது. பிரவுன் வர வேண்டிய இடத்தில் மங்கலான மஞ்சள் வருவது கோளாறல்ல: கார்டு அனுப்புவது மங்கிய மஞ்சளைத்தான்; ஐபிஎம்மின் அசல் சிஜிஏ மானிட்டர்தான் உள்ளே பச்சையைக் குறைத்து அதைப் பிரவுனாக்கியது. அந்த வேலையை இப்போது கன்வெர்ட்டர் செய்ய வேண்டும், நல்லவை செய்கின்றன.

எம்டிஏவிலும் அந்த 6-ஆம் பின்னை அலட்சியப்படுத்தாதீர்கள். பட்டறையின் கன்ட்ரோல் பெட்டிக்கு ஒருவர் போட்டுக் கொடுத்த கன்வெர்ட்டரில் 7-ஆம் பின்னின் படம் மட்டும் வந்தது, 6 இணைக்கப்படவில்லை. எழுத்து எல்லாம் படிக்க முடிந்தது, முதலாளிக்கும் திருப்தி. ஆனால் அந்த மெஷின் எச்சரிக்கை வரியைத்தான் பளிச்சென்று காட்டும். இப்போது அந்த வரியும் மற்ற வரிகளும் ஒரே வெளிச்சத்தில் நின்றன. மெஷின் முன்னால் நிற்கிறவருக்கு அந்த வித்தியாசம் விரல் தப்புகிற விஷயம். படம் வந்துவிட்டது என்று எழுந்து போகாமல், பளிச், மங்கல் இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் இரண்டு காரணங்கள் அதிகம். டிவியில் கம்போசிட், அதாவது முழுப் படமும் ஒரே கம்பியில் வரும் மஞ்சள் பிளக்கைச் செருகும் இடம் இப்போது பல மாடல்களில் பச்சை ஜாக்கோடு சேர்ந்திருக்கிறது. செருகிவிட்டு சோர்ஸில் ஏவி தேர்ந்தெடுக்காமல் காம்போனென்ட் தேர்ந்தெடுத்தால் நிறம் வராது. அல்லது அமெரிக்காவிலிருந்து வந்த, அந்த ஊர் டிவி முறையான என்டிஎஸ்சியில் ஓடும் பெட்டியை, நம்மூர் முறையான 'பால்' (PAL) மட்டும் தெரிந்த டிவியில் போட்டிருக்கிறீர்கள். பிபிசி மைக்ரோவின் கம்போசிட் பிறவியிலேயே கறுப்பு வெள்ளை. அதில் நிறம் வேண்டுமென்றால், சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் ஆர்ஜிபி சாக்கெட்டிலிருந்து எடுங்கள். விஜிஏவில் சில கார்டுகள் பூட் ஆகும் நேரத்தில் மானிட்டரைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்கின்றன. கேபிளைப் பிறகு மாட்டினால் சாம்பல் நிறத்திலேயே ஓடும். மாட்டிவிட்டு ஆன் செய்யுங்கள்.

எழுத்து ஓரிடத்தில் தெளிவு, ஓரிடத்தில் மங்கல்

டாஸ் திரையில் இது எல்லோருக்கும் வரும். விஜிஏ எழுத்துத் திரை 720 × 400. ஆனால் 640 × 400-க்கும் அதே அதிர்வெண்கள்தான். மானிட்டரால் வித்தியாசம் காண முடியாது. 640 என்று நினைத்து எடுத்தால் சில நெடுக்குக் கோடுகள் தடிக்கும், சில கரையும். ஆட்டோ அட்ஜஸ்ட்டை வெறும் கறுப்புத் திரையில் அழுத்தாதீர்கள். திரை முழுக்க எழுத்து நிரப்பி, ஒரு கோப்புப் பட்டியலை ஓடவிட்டு, பிறகு அழுத்துங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் மெனுவில் 'கிளாக்'கை (ஒரு கோட்டில் எத்தனை புள்ளி) முதலில், 'ஃபேஸ்' (phase, புள்ளியை எடுக்கும் நேரம்) அடுத்து, கையால் திருத்துங்கள். வரிசை மாறினால் நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கலாம்.

இந்த வேலைக்குப் புது 24 இன்ச் அகலத் திரை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அலுவலகங்கள் கழித்துவிட்ட 17, 19 இன்ச் சதுர எல்சிடி, 1280 × 1024, விஜிஏ சாக்கெட்டோடு மூர் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் விலைக்குக் கிடைக்கும். பழைய படத்தின் வடிவத்துக்கு அதுதான் நெருக்கம். அனலாக்கை ஒழுங்காகக் கையாளவும் அந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் விழுந்தால் கேபிள் மட்டம். ஃபெரைட் உருண்டை உள்ள, தடித்த, நீளம் குறைந்த கேபிள் போடுங்கள்.

பட்டை ஓடுது, பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது

பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்த இரண்டு குறியும் சேர்ந்தே வரும். மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்காது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கண்டென்சர்கள் எர்த் கிடைக்காதபோது பெட்டியின் உலோகத்தை மின்னழுத்தத்தில் பாதிக்கு, ஏறத்தாழ 115 வோல்ட்டுக்கு, மிதக்க விடும். மின்னோட்டம் சிறியதுதான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது வீடியோ கேபிளைச் செருகினால் அது கன்வெர்ட்டரின் சில்லு வழியாகத் தரைக்குப் போகப் பார்க்கும். எச்டிஎம்ஐ போர்ட் செத்துப்போகும் வழிகளில் இது ஒன்று. ஆகவே இரண்டு பக்கமும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வீடியோ கேபிளை மாட்டி, அதற்குப் பிறகு மின்சாரம் கொடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை வெட்டிவிடுவது, இரண்டு பின் அடாப்டர் போடுவது இரண்டும் வேண்டாம்.

பட்டையைப் பார்த்தே காரணத்தை ஓரளவு சொல்லலாம். 50 ஹெர்ட்ஸ் பெட்டியில், மங்கலான ஒரே ஒரு பட்டை மெதுவாக ஊர்ந்தால் எர்த் வழியாக வரும் ஹம், அதாவது கரென்ட் லைனின் இரைச்சல். இரண்டு பட்டை என்றால் 100 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர் காய்ந்துவிட்டது. ஒரு பட்டைக்கு முதல் வைத்தியம், கம்ப்யூட்டர், கன்வெர்ட்டர், டிவி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுவது. அடுத்தது, டிவியின் பின்னாலிருக்கும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றுவது. அந்த ஒயர் தெருக்கோடியில் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். கழற்றிய உடனே பட்டை மறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புகை, கருகிய வாடை

படம் நன்றாகவே ஓடும்போது பின்னால் புகை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், ஜன்னலைத் திறங்கள். பிபிசி மைக்ரோ போன்றவற்றின் பவர் சப்ளையில் ரிஃபா என்ற மஞ்சள் நிறக் காகிதக் கண்டென்சர் இருக்கும். மேல் ஓடு விரிசல் விட்டு, ஈரம் உறிஞ்சி, ஒரு நாள் எரியும். கடலோரக் காற்றில் இது விரைவாக நடக்கும். பரணிலிருந்து இறக்கிய பெட்டியை ஆன் செய்வதற்கு முன்பே, தெரிந்தவரிடம் கொடுத்து அதை எக்ஸ்2 வகை ஃபிலிம் கண்டென்சராக மாற்றிவிடுங்கள்.

ஓரம் வெட்டுப்படுது, படம் அகலமா இருக்கு

டிவியில் முதல் வரியும் இடது ஓர எழுத்தும் காணவில்லை என்றால் அது ஓவர்ஸ்கேன். படத்தின் அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', '1:1' என்று டிவிக்கு ஒரு பெயரில் இருக்கும். அகலத்தை 4:3-க்கு வையுங்கள். பெயின்ட் புரோகிராமில் ஒரு வட்டம் வரைந்து திரையில் ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்; உயரமும் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் படம் வராவிட்டால், தெரிந்தவரிடம் போவதற்கு முன் பின்பக்க சாக்கெட்டை நேராக ஒரு படம், வீடியோ கார்டின் பெரிய சில்லில் எழுதியிருப்பது தெரியும்படி ஒரு படம், மானிட்டரின் பின் ஸ்டிக்கர் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் இருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையாமலே என்ன போர்டு வேண்டும் என்று சொல்லிவிடலாம்.